முதல் தேதி

எப்போது தொடங்கியது என்று கேட்டாள்
திருவனந்தபுரத்து டாக்டர்.
என் மகளைவிட இரண்டு வயது கூடுதல் இருக்கும்.
அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள்.

அதுவரை எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள்.
இன்று என்ன கிழமை.
நூறிலிருந்து ஏழேழாகக் கழியும்.
மூன்று பொருள் சொல்வேன், பிறகு கேட்பேன்.
சாவி, தவளை, குடை என்று
கேட்கும் முன்பே ஒப்பித்துவிட்டு
மேசையிலிருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.
ஞாபகமெல்லாம் கெட்டி, என்றார் மார்த்தாண்டத்து டாக்டர்.
வெளியே வரும்போது தாழ்ந்த குரலில்,
குடி உண்டோ?

வில்பிரட் பனச்சமூட்டில் ரப்பர் பால் எடுக்கிறவர்.
சந்தையில் பாதி நமக்கு, பாதி கேரளத்துக்கு.
இருபத்தாறு வருடம்
பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு
எவன் தண்ணீர் சேர்த்தான் என்று சொல்வார்.
சொல்லிவிட்டு
அந்த ஆளைத் தனியே கூப்பிட்டு
வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்பார்.

அந்த இரண்டாவதுதான் முதலில் போயிற்று.

கை விழுந்தால் தெரியும். பேச்சு விழுந்தால் தெரியும்.
'வீட்டில் என்ன கஷ்டம்' விழுந்தால்
ஆள் கண்டிப்பாகிவிட்டார் என்பார்கள்.
முதலாளி சம்பளம் கூட்டினார்.

ஊர் மூன்று காரணம் வைத்திருந்தது.
களியக்காவிளையில் ஒருத்தி.
யாரோ வைத்த செய்வினை.
ஐம்பத்துமூன்று வயது.
நான் முதலாவதை நம்பினேன்.
சட்டைப்பையைத் துழாவினால்
எள்ளுருண்டை சுற்றிய காகிதம், முறுக்குத்தூள்.
எவளுக்கு வாங்கினாரோ என்று அதற்கும் அழுதேன்.

டாக்டர் காத்திருந்தாள், பேனா திறந்தபடி.

என் அண்ணன் அடக்கத்தில் அவர் சிரித்தாரே, அதுவா?
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை
மெழுகுவர்த்தி அணையும் முன் கையால் அள்ளியதா?
இல்லை, அதற்கும் முன்னால்.
ஒரு சனிக்கிழமை, நல்ல மழை.
மீன் பொரித்த எண்ணெய் என் புறங்காலில் சரிந்தது.
நான் கத்தினேன்.
வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.
காலைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார்.
"மீன் போச்சா?" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள்.
தழும்பு இருக்கிறது, காட்டட்டுமா என்றேன்.
காட்டுங்கள் என்றாள்.

படத்தில் நெற்றிப் பக்கம் மூளை வற்றியிருந்தது.
ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா.
அந்தப் பெயரை ஒரு சீட்டில் தமிழில் கேட்டேன்,
இரண்டு எழுத்துப்பிழையோடு எழுதித் தந்தாள்.
திருப்ப மருந்து இல்லையாம்.
ஆனாலும் சீக்கிரம் வந்துவிட்டீர்கள், என்றாள்.

எதற்குச் சீக்கிரம்?
பாறசாலை வரை பஸ்ஸில் அந்தக் கோபம்தான்.
அவர் ஜன்னலோரம் கடைப் பலகைகளை
ஒவ்வொன்றாய் உரக்க வாசித்துக்கொண்டு வந்தார்,
ஒரு தப்பில்லை.

செக் புத்தகத்தில் இன்னும் பாதித் தாள் இருந்தது.
அப்பாவோடு பேசாத ஏழாவது மாதத்தில் இருந்த மகள்
அன்றிரவே நாகர்கோவிலிலிருந்து போனில் அழுதாள்.
நான் அவரை வெறுக்கத் தொடங்கியிருந்தேன்.
தொடங்கித்தான் இருந்தேன்,
முடிக்கவில்லை.

சந்தையில் கேரளப் பக்கம் ஷறபுதீன் கடை.
கேட்காமல் பரணியில் கை விடுகிறார் என்று
ஒருநாள் பிடித்துத் தள்ளியவன்.
சீட்டை நீட்டினேன்.
"தமிழ் வாயிக்கான் அறிஞ்ஞூடா சேச்சி" என்றான்.
வாயால் சொன்னேன்.
இப்போது அவர் எடுக்க எடுக்கக் கோடு போட்டு வைக்கிறான்,
மாசக் கடைசியில் நான் கொடுக்கிறேன்.

போன மாதம் அல்வா பதினேழு கோடு.
ஒரு கோட்டைச் சுற்றி வட்டம்.
இது என்ன என்றேன்.

"அது சேட்டன் எனக்கு நீட்டியது."
துட்டை வாங்கி எண்ணிப் போட்டுக்கொண்டான்.

டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும்.
தேதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.